குரல்வழித் தட்டச்சும் தென்காசி வட்டார வழக்கும்: ஆய்வாளர் உடல்நல நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் நெடுநேரம் தட்டச்சு செய்வோருக்கு ஏற்படும் கை, மணிக்கட்டு வலிக்குக் குரலுணரி மென்பொருள் ஒரு மாற்றுவழியாகும். ஆயினும் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்ட தமிழில் அதனைப் பயன்படுத்தும்போது தனிச் சிக்கல்கள் எழுகின்றன. தென்காசி, குற்றாலம் பகுதிப் பேச்சைச் சான்றாகக் கொண்டு அச்சிக்கல்களையும், கையையும் குரலையும் தரவையும் ஒருங்கே காக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குரலுணரி, தட்டச்சு, மணிக்கட்டு, நெல்லை வழக்கு, களஆய்வு, எழுத்துப்பெயர்ப்பு.

முன்னுரை

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) செய்யுள்களை வாய்மொழியாகச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தியை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். அன்று எழுதியவர் பிழையறிந்து எழுதும் மாணாக்கர். இன்று எழுதுவது கருவி. இவ்வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

1. கைகளின் சுமை

விரல்களை மடக்கும் தசைநாண்களும் நடுநரம்பும் மணிக்கட்டின் குறுகிய பாதை வழியே செல்கின்றன. மணிக்கட்டை வளைத்தபடி நெடுநேரம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அப்பகுதியில் வலியும் மரத்துப்போதலும் தோன்றக்கூடும். தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி 1999இல் உருவான தமிழ்99 விசைப்பலகை இச்சுமையைக் குறைக்க முயன்றது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்குரிய விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அதில் எழுதலாம். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானே அமையும். ஆயினும் பல மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்கும் களஆய்வாளருக்கு விசைச் சிக்கனம் மட்டும் போதாது.

ஆங்கிலத்தில் இடைவிடாப் பேச்சை எழுத்தாக்கும் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் மென்பொருள் 1997இல் வெளிவந்தபின், கைவலியுற்றோர் பலர் அத்தகைய கருவிகளை நாடினர். தமிழில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் அறிமுகமானது.

2. கருவி கேட்கும் முறை

குரலுணரி ஒலியை மிகச் சிறு காலத்துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எந்த ஒலி இருக்கக்கூடும் என மதிப்பிடுகிறது. பின்னர், எந்தச் சொல்லையடுத்து எந்தச் சொல் வரும் வாய்ப்பு மிகுதி என்று, தான் பயின்ற தரவின் அடிப்படையில் தேர்கிறது. எனவே அது எழுதுவது காதால் கேட்டது மட்டுமன்று, எதிர்பார்த்ததும் ஆகும்.

இதற்குக் குற்றாலம் என்னும் பெயரே தக்க சான்று. பேச்சில் ‘ற்ற’ என்பது ‘த்த’ என ஒலிப்பதால் அது ‘குத்தாலம்’ ஆகிறது. மயிலாடுதுறை மாவட்டத்திலோ குத்தாலம் என்ற பெயரிலேயே வேறோர் ஊர் உள்ளது. ஒலியைக் கொண்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ‘ஐந்தருவி’, ‘தென்காசி’ போன்ற சொற்கள் அருகில் வரும்போதே கருவி சரியானதைத் தேர வாய்ப்புண்டு. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதால் ‘மழை’, ‘மளை’ ஆகும். அங்கும் சூழலே துணை.

3. வட்டார வழக்கின் இழப்பு

மேற்கண்ட திருத்தங்கள் ஆய்வாளரின் சொந்த உரைநடைக்கு நன்மை செய்வன. களத்தரவுக்கோ அவையே தீங்காகக்கூடும். நெல்லை, தென்காசிப் பகுதியில் ‘சொல்லுதேன்’, ‘செய்யுதேன்’ என்பன நிகழ்கால வடிவங்கள். பொதுப்பேச்சில் மிகுதியாகப் பயின்ற கருவி இவற்றைச் ‘சொல்றேன்’, ‘செய்றேன்’ என மாற்றிவிட்டால், நிகழ்கால இடைநிலை பற்றிய சான்று அழிகிறது. ‘பஸ் வந்துட்டு’ என்பது இப்பகுதியில் முடிந்த தொடர். பிற பகுதிப் பேச்சில் ‘வந்துட்டு’ எச்சமாக நிற்கும். கருவி அதனை எச்சமாகக் கொண்டு அடுத்த தொடருடன் இணைத்தால் பொருளே மாறும். ‘என்ன சொல்லுதீய’ என்பதிலுள்ள மரியாதைப் பன்மை விகுதியும் இவ்வாறே மறையக்கூடும்.

இத்தகைய பிழை எழுத்துப்பிழை போலக் கண்ணை உறுத்துவதில்லை. திருத்தமான தமிழாகத் தோன்றுவதாலேயே அது கவனத்திலிருந்து தப்புகிறது.

4. சூழலும் குரல்நலமும்

சாரல் பருவத்தில் குற்றாலத்தின் காற்றிரைச்சலும் அருவியோசையும் பேச்சொலியோடு கலந்து மெய்யொலிகளை மறைக்கும். அப்போது குரலை உயர்த்துவது இயல்பான எதிர்வினை. அதுவே குரல்நாண்களுக்குக் கேடு. வாய்க்கருகில் அமையும் தலையணி ஒலிவாங்கியும் மூடிய அறையும் சிறந்த தீர்வாகும்.

கைச்சுமையைக் குறைக்கும் முயற்சி தொண்டைச் சுமையாக மாறுதல் கூடாது. இயல்பான சுருதியில், சொல்சொல்லாக வெட்டாமல் தொடர்தொடராகப் பேசுதல், இடையிடையே நீர் அருந்துதல், ஓய்வெடுத்தல், தட்டச்சையும் பேச்சையும் மாற்றி மாற்றிக் கையாளுதல் ஆகியன வேண்டும். குரல்கம்மலோ கைமரப்போ நீடிப்பின் மருத்துவரை அணுகவேண்டும்.

5. பரிந்துரைக்கும் முறை

சொந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் பேசி உருவாக்கி, வல்லினம் மிகுதல், ரகர றகர வேறுபாடு ஆகியவற்றைக் கண்ணால் திருத்தலாம். களத்தரவுக்கு இருபடி முறை ஏற்றது. முதற்படியில் ஆய்வாளர் ஒலிப்பதிவைக் காதணியில் கேட்டுத் தம் குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்லி வரைவு பெறுகிறார். இரண்டாம் படியில் மூல ஒலியை மீண்டும் கேட்டு வட்டார வடிவங்களைக் கையால் மீட்கிறார். முழுவதையும் தட்டச்சு செய்வதைவிட இதில் விசையழுத்தம் குறையும். மூல ஒலிக்கோப்பு என்றும் பேணப்படல் வேண்டும். பல குரலுணரிகள் ஒலியை இணையவழி வெளிக்கணினிக்கு அனுப்புவதால், தகவலாளரின் குரலை நேரடியாக உள்ளிடுமுன் அவர் இசைவைப் பெறுதல் ஆய்வு அறமாகும்.

முடிவுரை

குரலுணரி ஆய்வாளரின் கைக்கு ஓய்வு தரவல்லது; அவர் செவிக்கு ஓய்வு தரவல்லதன்று. உரைநடைக்கு வரைவாளராகவும் களத்தரவுக்கு உதவியாளராகவும் மட்டும் அதனை அமர்த்தினால், உடல்நலமும் வட்டார வழக்கின் சான்றும் ஒருசேரக் காக்கப்படும். தென்காசிப் பேச்சைப் பிழையறத் திருத்திய ஒலிப்பதிவுத் தொகுப்புகள் பெருகுமாயின், கருவியும் இவ்வழக்கை அவ்வாறே எழுதப் பழகும். அத்தொகுப்பை உருவாக்கும் கடமை தமிழாய்வுத் துறைகளுக்கு உரியது.