காற்று ஒரு ராத்திரிதான்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பேராவூரணிப் பக்கம் எல்லார் கண்ணும் டிவியில்தான். புயல் சென்னைக்குப் போகுமா, ஆந்திராவுக்குப் போகுமா என்று முன்பெல்லாம் வேடிக்கையாகப் பார்த்திருப்போம். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா, எங்கள் தென்னந்தோப்புகளைப் படுக்கப்போட்ட பிறகு அந்த வேடிக்கை போயிற்று.

புயலுக்குத் தயாராவது என்றால் மெழுகுவர்த்தியும் ரெண்டு பாக்கெட் ரொட்டியும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்று ஒரு ராத்திரிதான். குடும்பத்தை வாட்டியது அதற்கப்புறம் கரண்ட் இல்லாமல் கழிந்த வாரங்கள். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டால், போர் எவ்வளவு ஆழம் இருந்தென்ன, சொட்டுத் தண்ணீர் மேலே வராது. ஊருக்கு ஊர் பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் தண்ணீர் ஏற்றினோம். வாடகை ஏறிய கதை தனி.

அதனால் என் வீட்டில் முதல் வேலை தண்ணீர்தான். எச்சரிக்கை வந்ததுமே மாடித் தொட்டியை நிரப்பிவிடுவேன். புழங்குவதற்கு மட்டுமில்லை, காலித் தொட்டியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஆயிரம் லிட்டர் நிரம்பியிருந்தால் ஒரு டன் கனம், லேசில் அசையாது. குடிக்கிற தண்ணீர் மூடியோடு தனியாக. நெல் அவிக்கிற அண்டா பரணில் கிடந்தால் அதையும் இறக்குங்கள். தெருவில் அடிபம்பு இருந்தால் புரட்டாசியிலேயே வாஷர் மாற்றச் சொல்லி ஊராட்சியை விரட்டுங்கள்.

அடுத்தது அடுப்படி. கேஸ் இருக்கும், கிரைண்டரும் மிக்ஸியும் ஓடாது. இட்லியை மறந்துவிட்டு ரவை, அவல், பொட்டுக்கடலை, பருப்புப்பொடி என்று சேர்த்து வையுங்கள். இடத்தை அடைக்கிறது என்று நாங்கள் எவ்வளவோ சொல்லியும் அம்மியைத் தூக்கிப் போடவிடவில்லை என் மாமியார். கஜாவுக்குப் பிறகு பாதித் தெரு அதில்தான் சட்னி அரைத்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும். இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது என்றே வைத்துக்கொண்டு, ஈர மணலில் ஒரு மண்பானையை இருத்தி வையுங்கள்.

தென்னை வைத்திருக்கிறவர்கள் ஆளைக் கூப்பிட்டு அடிமட்டைகளையும் முற்றிய காய்களையும் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். தலைப்பாரம் குறைந்தால் மரம் தாங்க வழியுண்டு. வீட்டை ஒட்டிய பட்ட மரத்துக்கு மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

புயல் கரையேறுகிற ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்து, மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். புயலின் கண் உங்கள் ஊர் மேலே கடந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். விட்டது என்று ஓடு பார்க்க யாரும் வெளியே போகக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போன சுவரும் மரமும் அப்போதுதான் விழும்.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். விழுந்த மரத்தை மிஷின் வைத்து அறுப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள். கணக்கெடுக்க வருகிறவரிடம் காட்ட அதுதான் சாட்சி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. போனில் பதிந்தால் போதாது, சார்ஜ் தீர்ந்துவிடும். சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக எழுதி வையுங்கள்.