பரணில் பழைய நோட்டு: லட்சம் கிடைக்குமா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ, திருச்சி பெரிய கடை வீதியிலோ பழைய வீட்டை ஒழிக்கும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நாலு நோட்டு அகப்பட்டால், வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பழைய நோட்டுக்கு 5 லட்சம்’ விளம்பரம்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் பொறுங்க.

பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. அந்த நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கு, மடிப்பும் கறையும் இல்லாமல் இருக்கா என்பதுதான் கணக்கு. லேமினேட் செய்துவிட்டால் போச்சு! 1954-ல் வந்த 1,000 ரூபாய் நோட்டில் நம்ம பக்கத்து ஊர் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். 1978-ல் அது செல்லாது என்றதும் பெரும்பாலானவை வங்கிக்கே திரும்பிவிட்டன. அதனால்தான் சேகரிப்பாளர்களிடம் அதற்கு இவ்வளவு கிராக்கி. சில நோட்டுகளுக்குக் கதையே விலை: 1918-ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த ‘ஷிராலா’ கப்பலிலிருந்து தப்பிய இரண்டு 10 ரூபாய் நோட்டுகள் 2024-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன.

2016-ல் செல்லாமல் போன 500, 1,000 நோட்டுகளில் மட்டும் கவனம். 10-க்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு.

‘முதல்ல கமிஷன் கட்டுங்க’ என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வைத்துவிடலாம். இப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.