இரண்டு ஃப்ரிட்ஜுக்குக் கைமாறிய புகாட்டி!

உலகிலேயே பிரம்மாண்டமான கார் என்று பேர் வாங்கிய புகாட்டி ரோயாலை 1950-இல் ஓர் அமெரிக்கர் என்ன கொடுத்து வாங்கினார் தெரியுமா? ஒரு காருக்கு 2 லட்சம் பிராங்க். அன்றைய கணக்கில் 600 டாலர்கூட வராது. அதோடு இரண்டு புத்தம்புது ஃப்ரிட்ஜ்! போர் முடிந்து ஐந்தே வருடம் ஆகியிருந்த பிரான்ஸில் நல்ல ஃப்ரிட்ஜ் கிடைப்பதே அபூர்வம். கார் பந்தயக்காரரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அமெரிக்காவிலிருந்து அவற்றை வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு ரோயாலைக் கொண்டுபோனார்.

மன்னர்களுக்காகவே எட்டோரே புகாட்டி வடிவமைத்த கார் அது. நீளம் ஆறு மீட்டருக்கு மேல், இன்ஜின் கொள்ளளவு 12 லிட்டருக்கு மேல். 25 கார் செய்வதாகத் திட்டம். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. கட்டி முடித்தவை ஆறே ஆறு, அவற்றிலும் வெளியாருக்கு விற்றவை மூன்று. மிச்சமான இன்ஜின்கள் என்ன ஆயின என்று கேளுங்கள்: பிரெஞ்சு ரயில் பெட்டிகளை இழுக்கப் போயின! போர்க்காலத்தில் ஜெர்மானியர் கண்ணில் படாமலிருக்க, புகாட்டி குடும்பத்திடம் இருந்த ரோயால்களைச் சுவர் எழுப்பி அதற்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள்.

அந்த ஆறில் இன்னொன்று நியூயார்க்கில் பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர் அதை 400 டாலருக்கு மீட்டார். இன்று அது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இனி விலை ஏறிய வேகத்தைப் பாருங்கள். கன்னிங்ஹாம் வாங்கிய இரண்டில் ஒன்று 1987 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலத்துக்கு வந்தது. பாட்டும் கச்சேரியும் நடக்கும் அந்த மண்டபத்தில் கேட்ட விலை 55 லட்சம் பவுண்டு! வாங்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு மனைத் தொழிலதிபர். 1990-இல் அதே கார் 1 கோடியே 57 லட்சம் டாலருக்கு ஒரு ஜப்பானிய நிறுவனத்திடம் போனது.

ரோயாலாவது அரச கார். ஒரு ஃபெராரி பந்தயக் கார் பள்ளிக்கூடப் பட்டறையில் கிடந்த கதை தெரியுமா? 1960-களின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு, பையன்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று, ஓடி முடித்த ஃபெராரி ஒன்றைத் தானமாகக் கொடுத்தார்கள். 1972-இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவரின் மாநிலமான ஒஹாயோவில் டிரெய்லர் மேல் வைத்தபடி வயல்வெளியில் பல வருடம் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. அது ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட கார்!

அந்த 36-க்குள்ளேயே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பந்தய விதிப்படி அந்தப் பிரிவில் ஓட 100 கார் செய்திருக்க வேண்டும். இது புதுக் காரே இல்லை, ஏற்கெனவே விற்கும் 250 ஜிடியின் மறுவடிவம்தான் என்று நிறுவனர் என்ஸோ ஃபெராரி வாதாடி அனுமதி வாங்கினார். விதியை வளைத்ததால் பிறந்த இந்த அபூர்வத்துக்குத்தான் இன்று கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். புதிதாக அதன் விலை அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவர் யார் என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977-இல் ஒரு ஜிடிஓவைச் சுமார் 37,000 பவுண்டுக்கு வாங்கினார். பைத்தியக்கார விலை என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். அவர் அதை விற்கவும் இல்லை, பூட்டி வைக்கவும் இல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டினார், குடும்பத்தாருக்கும் ஓட்டக் கொடுத்தார். இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை பேரிலும் நான் மனதாரப் பொறாமைப்படுவது அவர் ஒருவர்மேல்தான்.

இனி சொல்லப்போவதுதான் மலைக்க வைப்பது. 1989-இல் ஒரு 250 ஜிடிஓ 1 கோடியே 46 லட்சம் டாலருக்கு ஜப்பானியர் ஒருவருக்கு விற்பனையானது. 1994-இல் அதே கார் மீண்டும் கைமாறியபோது கிடைத்த விலை சுமார் 35 லட்சம் டாலர்! கார் அதே கார்தான். ஐந்தே வருடத்தில் நான்கில் மூன்று பங்கு மதிப்பு ஆவியாகிவிட்டது.

எப்படி நடந்தது? மூன்று சம்பவம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1985-இல் பெரிய நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் மதிப்பு எகிறியது. ஜப்பானியர் கண்ணுக்கு உலகமே மலிவாகத் தெரிந்தது. வட்டியும் குறைவு, கடனுக்குக் கதவு திறந்தே இருந்தது. 1987 அக்டோபர் 19-இல் உலகப் பங்குச்சந்தைகள் சரிந்தன, பயந்து வெளியேறிய பணம் ஓவியங்களையும் கார்களையும் தேடி ஓடியது. 1988 ஆகஸ்ட் 14-இல் என்ஸோ ஃபெராரி 90 வயதில் காலமானார். பெரியவர் கைபட்ட கார் இனி வராது என்ற எண்ணம் பரவியதும் பற்றிக்கொண்டது தீ.

அவர் இருக்கும்போதே 1987-இல் அறிமுகமான கடைசி மாடல் எஃப்40. சுமார் 400 கார் செய்வதாகத்தான் முதலில் பேச்சு. வரிசையில் இடம் கிடைத்தவர்கள் சாவி கைக்கு வருமுன்பே அந்த இடத்தை விற்றார்கள். மனைக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு, பத்திரம் பதியாமலே அடுத்தவருக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்களே, அச்சு அசலாக அதே வியாபாரம்! பட்டியல் விலையைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருந்தது. அந்தப் பசியைப் பார்த்த ஃபெராரி கடைசியில் 1,300-க்கும் மேல் செய்து தள்ளியது. அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. 1989 டிசம்பர் 29-இல் 38,915 என்ற உச்சத்தைத் தொட்ட ஜப்பானின் நிக்கேய் குறியீடு மறுவருடம் தலைகுப்புற விழுந்தது. வட்டி ஏறியது. கடனில் கார் வாங்கியவர்கள் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை.

இதில் அடிபட்ட ஜாகுவாரின் கதை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 1988 அக்டோபரில் பர்மிங்ஹாம் கண்காட்சியில் எக்ஸ்ஜே220 என்ற கனவுக் காரைத் திரை விலக்கிக் காட்டினார்கள். 12 சிலிண்டர் இன்ஜின், நான்கு சக்கர இழுவை. முன்பணம் மட்டும் 50,000 பவுண்டு. கட்டுவதற்குத் தள்ளுமுள்ளு! கார் கைக்கு வந்தது 1992-இல். அதற்குள் 12 சிலிண்டர் 6 ஆகி டர்போ ஏறியிருந்தது, இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். விலையோ 4 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டைத் தொட்டிருந்தது. சந்தையோ செத்திருந்தது. கண்காட்சியில் காட்டியது வேறு, கொடுப்பது வேறு என்று சிலர் வழக்குமன்றம் போனார்கள். சிலர் காரே வேண்டாம், ஒப்பந்தத்திலிருந்து விட்டால் போதும் என்று பணம் கட்டி விலகினார்கள். இவ்வளவுக்கும் அது மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டி, அன்று உலகின் மிக வேகமான விற்பனைக் கார் என்ற பெயரை வாங்கியிருந்தது! வேகத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் கேட்டது லாபத்தை. மொத்தம் 300-ஐக்கூட எட்டாமல் உற்பத்தி நின்றது.

அதே மந்தத்தில் பிறந்த இன்னொரு கார் மெக்லாரன் எஃப்1. நடுவில் ஓட்டுநர் இருக்கை, இன்ஜின் அறைக்குள் வெப்பத்தைத் திருப்பியனுப்ப நிஜத் தங்கத் தகடு! கார்டன் மர்ரே வடிவமைத்த இந்த அற்புதத்தை 300 செய்ய நினைத்தார்கள். பந்தயக் கார்களையும் சேர்த்து 106-இல் நின்றது, வாங்க ஆள் இல்லாததால். இன்று அதன் நிலவரம் தெரியுமா? 2021-இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் ஒரு எஃப்1 போன விலை 2 கோடியே 4 லட்சம் டாலருக்கும் மேல். அந்தக் கார் 26 வருடத்தில் ஓடியிருந்த தூரம் சுமார் 390 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைகூடப் போய்ச் சேராது!

இதற்கு நேர் எதிர், நம் எல்லோருக்கும் மிஸ்டர் பீனாகத் தெரிந்த ரோவன் அட்கின்சனின் எஃப்1. 1997-இல் வாங்கினார். கடைத்தெருவுக்கும் ஓட்டினார், நெடுஞ்சாலைக்கும் ஓட்டினார், இரண்டு முறை மோதினார். 2011 விபத்துக்குப் பின் பழுது பார்க்க இன்சூரன்ஸ் கட்டிய தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. 66,000 கிலோமீட்டர் ஓடி, இரண்டு முறை அடிபட்ட அந்தக் காரை 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கிய விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல்! ஓட்டினால் மதிப்புப் போய்விடும் என்று போர்வை போர்த்தி வைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் வட்டி மீண்டும் தரைக்கு வந்தது, கார் விலை மீண்டும் வானத்துக்குப் போனது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலம் அந்தக் காலத்துக்குச் சரியான சாட்சி. நொடித்துப் போன ஒரு லாரித் தொழிலதிபரின் பண்ணைக் கொட்டகைகளில் பல பத்து வருடம் கிடந்த பழைய கார்கள், தூசியைக்கூடத் தட்டாமல் அப்படியே மேடைக்கு வந்தன. பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு 1961 ஃபெராரி, ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்தது, 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போயிற்று.

தூசியாவது பரவாயில்லை. எரிந்து, நசுங்கி, கார் என்றே அடையாளம் தெரியாத தகரக் குவியலுக்கு 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுப்பார்களா? 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கொடுத்தார்கள்! 1954 ஃபெராரி 500 மொண்டியால் அது. வாங்கியது தகரத்தை அல்ல, அதில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணை. எண் அசலாக இருந்தால் அதைச் சுற்றிக் காரை மறுபடி எழுப்பிவிடலாம். எண் இல்லாவிட்டால் எவ்வளவு கச்சிதமாகக் கட்டினாலும் அது நகல்தான்.

புதுக் கார்களிலும் இந்த வெறி உண்டு. 2016-இல் போர்ஷே, கையால் கியர் மாற்றும் 911 ஆர் என்ற காரை 991 மட்டும் செய்தது. அமெரிக்க விலை 1 லட்சத்து 85 ஆயிரம் டாலர் அளவில். சில மாதங்களில் பத்து லட்சம் கேட்டு விளம்பரங்கள்! மறுவருடமே போர்ஷே, கையால் கியர் மாற்றும் ஜிடி3 டூரிங்கை எண்ணிக்கைக் கட்டுப்பாடின்றி விற்க ஆரம்பித்தது. 911 ஆர் விலை இறங்கியது. ஊக வணிகர்களுக்கு ஒரு நிறுவனம் கொடுத்த இவ்வளவு அழகான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஃபோர்டு வேறு வழி போனது: இரண்டு வருடம் விற்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தை மீறி ஃபோர்டு ஜிடியை விற்றதற்காக மல்யுத்த வீரர் ஜான் சீனாமேல் 2017-இல் வழக்கே போட்டது. அடுத்த வருடம் சமரசம்.

நம் கடற்கரையைத் தொட்ட ஒரு கார் உண்டு. ஃபெராரி என்ஸோ வரிசையில் 400-ஆவது காரைப் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அதை விற்று, 2004 டிசம்பர் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்றார் அவர். 2005-இல் ஏலத்தில் கிடைத்தது சுமார் 11 லட்சம் டாலர். பத்தே வருடம் கழித்து அதே கார் 60 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. ஒரு போப்பின் பெயர் ஒட்டிய காருக்கு இவ்வளவு ஏற்றம்!

ஆனால் இதுவரை விற்ற கார்களின் உச்சம் 2022 மே 5-இல். ஸ்டட்கார்ட்டில் மெர்சிடீஸ் அருங்காட்சியகத்தில் நடந்த தனி ஏலத்தில், 1955-இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபேயில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. விற்றது மெர்சிடீஸே. பணத்தை மாணவர் உதவித்தொகை நிதிக்கு ஒதுக்கினார்கள். அதற்கு முன்பு ஏலத்தில் உச்சம் தொட்டிருந்தது 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போன 250 ஜிடிஓ.

அடுத்து எந்தக் கார்? விலையை ஏற்றுவது வாங்குபவரின் பால்யம். பதினைந்து வயதில் சுவரில் ஒட்டியிருந்த படத்தை ஐம்பது வயதில் காசு சேர்ந்ததும் வாங்குகிறார்கள். வீடியோ கேமில் நிசான் ஸ்கைலைன் ஓட்டி வளர்ந்த தலைமுறை இப்போது சம்பாதிக்கிறது. நடிகர் பால் வாக்கர் திரையில் ஓட்டிய ஸ்கைலைன் ஆர்34 ஒன்று 2023-இல் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்கு விற்றது. 25 வயது நிரம்பிய கார் என்றால் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் தடுக்காது, தாராளமாக இறக்குமதி செய்யலாம். 1999 ஜனவரியில் வந்த ஆர்34 ஜிடி-ஆருக்கு 2024-இல் அந்த வாசல் திறந்தது. 2002-இல் கடைசியாக வந்தவற்றுக்கு 2027-இல் திறக்கும்.