உறங்கிய மோட்டார் சைக்கிளை எழுப்புமுன்

2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது, கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. ஓட வழியின்றி மூலையில் நிறுத்திய வண்டி இன்னும் உங்கள் வீட்டில் நிற்கிறதா? உடனே கிக்கரை மிதிக்காதீர்கள்.

பல மாதம் தேங்கிய பெற்றோல் பிசினாக மாறி, காபரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். பழைய பெற்றோலை முழுவதும் வடித்தெடுங்கள். டாங்கியின் உட்புறம் துருவேறியிருந்தால் சுத்தம் செய்யுங்கள். காபரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஓரிரவு அப்படியே விடுங்கள். மறுநாள் பிளக்கைப் பூட்டுமுன் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தடையின்றி அசைந்தால் பிளக்கைப் பூட்டி, எஞ்சின் ஒயிலை மாற்றி, பற்றரியைச் சார்ஜ் செய்து, புதுப் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம்.

கிண்ணியா, மூதூர், நிலாவெளி போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று செயினையும் மின் இணைப்புகளையும் விரைவில் அரிக்கும். அவற்றைத் துடைத்து, செயினுக்கு ஒயில் இடுங்கள்.

வீதியில் இறங்குமுன் பிறேக்கையும் டயர் வெடிப்புகளையும் கட்டாயம் பாருங்கள். எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது. வண்டி நிற்கவும் வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புதுப்பித்து, தலைக்கவசத்துடன் புறப்படுங்கள்.