மலைக் கடை அலமாரியில் காலங்கடந்த ஆகாரம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, பூப்பாறையைக் கடந்து, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் செல்லும் பிரதேசத்தில், தேயிலைச் செடிகளுக்கும் ஏலத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் ஊர் சூரியநெல்லி. கேரள ராஜ்யத்தின் இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்ததாயினும், இங்கே லயங்களில் குடியிருந்து கொளுந்து பறிக்கும் ஜனங்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வருகிறவர்கள். மலையில் தேயிலையும் ஏலமும் மிளகும் விளைகின்றனவேயன்றி, அன்றாடச் சமையலுக்கும் குழந்தைகளின் பசிக்கும் வேண்டிய பண்டங்களில் பெரும்பகுதி மலைக்குக் கீழேயிருந்துதான் வண்டியேறி வரவேண்டியிருக்கிறது. பிஸ்கட், ரஸ்க், பால் பவுடர், சேமியா, எண்ணெய், மசாலாத் தூள் ஆகியவை பொட்டலங்களாக வந்து அலமாரியில் அமரும்போது, அவற்றின் முதுகில் அச்சிட்டிருக்கும் தேதியே, ஆலையில் அவற்றைச் செய்தவருக்கும் மலையில் அவற்றை உண்பவருக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஒரே வாக்குறுதியாகிறது.

ஒரு பொட்டலம் ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்தே அதன் ஆயுள் கழியத் தொடங்கிவிடுகிறது. கம்பெனியின் கிடங்கிலும், மொத்த வியாபாரியிடத்திலும், ஏஜென்டின் குடோனிலும் தங்கித் தங்கி வருவதில், வழியின் கடைசியில் இருக்கும் கடைக்கு அது வந்துசேரும்போது ஆயுளின் சிறு பகுதியே மிஞ்சியிருப்பது சகஜம். ஜப்பானில், ஆயுட்காலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு கழிவதற்குள் சரக்கைச் சில்லறைக் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற வியாபார வழக்கம் நெடுநாள் நிலவி வந்தது. அதனால் நல்ல பண்டம் வீணாகிறதென்று கண்டு அண்மைக் காலத்தில் அதைத் தளர்த்தி வருகிறார்கள். நம் நாட்டில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 நவம்பரில் இணையவழி வியாபாரிகளுக்கு ஓர் எல்லை விதித்தது: பண்டம் வாங்குபவர் கையில் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, அல்லது 45 நாட்களோ மிச்சமிருக்க வேண்டும் என்பது அது. நகரத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரத்துக்குச் செய்த இந்த நியாயத்தை, மலைப்பாதையின் முடிவில் இருக்கும் சிறு கடைக்குச் சரக்கிறக்கும் ஏஜென்டுக்கும் செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தேதி என்பதன் பொருளைப் பற்றிப் பொதுஜனங்களிடையே குழப்பம் இருக்கிறது. அந்த நாள் வரையில் பண்டம் தன் சுவையும் மணமும் மாறாமல் இருக்கும் என்று உற்பத்தியாளர் உறுதி சொல்லும் தேதி ஒருவகை. அந்த நாளுக்குப் பின் அதை உண்ணலாகாது, விற்கவும் கூடாது என்று விலக்கும் தேதி மற்றொரு வகை. முன்பு பல பொட்டலங்களில் முதல்வகைத் தேதி மட்டுமே இருந்தது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் இரண்டாவது வகையைக் கட்டாயமாக்கி, முதலாவதை விருப்பம்போல் சேர்த்துக்கொள்ள விட்டன. மூன்று மாதத்துக்குள் கெடும் பண்டத்துக்கு நாள், மாதம், வருஷம் மூன்றும் வேண்டும். அதற்கு மேற்பட்ட ஆயுள் கொண்டதற்கு மாதமும் வருஷமும் போதும். வினிகர், சர்க்கரை, நறுக்காத காய்கனி முதலிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொட்டலம் கட்டாத இனிப்புகளுக்கும் 2020 அக்டோபர் 1 முதல் கடைத் தட்டில் தேதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தேதியை உற்பத்தியாளர் மனம்போனபடி குறிப்பதில்லை. பண்டத்தின் மாதிரிகளைக் குறிப்பிட்ட வெப்பத்தில் பல வாரங்கள் வைத்திருந்து, இடையிடையே எடுத்து, கிருமிகளின் பெருக்கத்தையும் ஈரத்தையும் எண்ணெயின் காறலையும் சோதித்துப் பார்த்தே ஆயுளைக் கணிக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் பல ரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய இரு மடங்கு வேகம் கொள்ளும் என்ற பொது விதியை ஒட்டி, சிலவற்றை உயர்ந்த வெப்பத்தில் வைத்து விரைவாகச் சோதிப்பதும் உண்டு. ஆகவே பொட்டலத்தின் மேல் உள்ள தேதி நிபந்தனையோடு கூடியது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான் அது செல்லும். சூரியநெல்லியின் கடையிலோ குளிர்ச்சி தாராளமாக உண்டு, உலர்ச்சி கிடையாது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் மஞ்சும் ஈரமும் சூழ்ந்திருக்கும் இடத்தில், மாவில் பூஞ்சணம் பிடிப்பதற்கும், மிளகாய்த் தூள் கட்டியாவதற்கும், சிறு துளையுள்ள பிஸ்கட் பொட்டலம் நமத்துப்போவதற்கும் தேதி முடிவடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே சமவெளியின் வெயிலில், மூடிய லாரிக்குள் கிடந்துவிட்டு மேலே வரும் எண்ணெய்ப் பண்டங்களுக்கோ அந்த ஓரிரு நாள் வெப்பமே ஆயுளைக் குறைத்துவிடுகிறது. காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் பாலும் இறைச்சியும் என்ன ஆகின்றன என்பதை எந்த அச்சுத் தேதியும் சொல்லாது.

எண்ணெயின் காறல் நாக்குக்குத் தெரியும். தேயிலைத் தூள் பழசானால் மணம் குறையும், உடம்புக்குக் கேடு வராது. பால், மீன், இறைச்சி, குழந்தைகளுக்கான பால் பவுடர் ஆகியவற்றின் விஷயம் அப்படிப்பட்டதன்று. லிஸ்டீரியா போன்ற கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். பண்டத்தின் நிறத்தையோ வாசனையையோ மாற்றாமலே பெருகும். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று அனுபவம் மிகுந்த தாய்மார்கள் சொல்வது அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்துமே தவிர, இவற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் ஏனைய உணவுகளின் தேதியைப் பெரும்பாலும் உற்பத்தியாளரின் இஷ்டத்துக்கு விட்டிருக்கும் மத்திய அரசு, குழந்தைப் பால் மாவு ஒன்றுக்கு மட்டும் கடைசித் தேதியைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருப்பதற்கு, அதன் சத்துக்கள் நாளடைவில் குன்றுவதும் அதை மட்டுமே உண்டு வளரும் குழந்தைக்கு வேறு ஆகாரம் இல்லாததும் காரணம்.

சட்டத்தைப் பொறுத்தவரையில் நமக்குக் குறைவில்லை. 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலில் இருக்கிறது. அதன் 27-ஆவது பிரிவு, காலாவதித் தேதி கடந்தபின் விற்கும் பண்டத்துக்கு விற்பவரே பொறுப்பு என்றும், தேதி கடந்த சரக்கை வழங்கும் மொத்த வியாபாரியும் விநியோகஸ்தரும் பொறுப்பு என்றும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. வாங்குபவர் தேதியைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காலங்கடந்த ஆகாரத்தைப் பற்றி நம் பத்திரிகைகளும் அதிகாரிகளும் வெளியிடும் அறிவுரைகள் அனைத்தும், தேதியைப் பார்த்து வாங்குங்கள் என்று வாங்குபவருக்கே கடமையைக் கற்பிக்கின்றன. சட்டம் வியாபாரியின் தோளில் வைத்த பாரத்தை, வழக்கம் வாங்குபவரின் கண்ணுக்கு மாற்றிவிட்டது.

அந்தக் கண் எந்த நிலையில் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி கொளுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வரும்போது மாலையாகிவிடும். அரிசிக்காக வீடுகளையும் பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையையும் இடித்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும், இந்த வட்டாரத்தில் வேறு யானைகளின் நடமாட்டம் ஓயவில்லை. இருட்டுவதற்குள் லயம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் அவகாசம் இராது. லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய மொழி ஆங்கிலம் அல்லது ஹிந்தி. தமிழோ மலையாளமோ இருந்தால் அது உற்பத்தியாளரின் விருப்பம். மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் சுருக்கிப் பளபளப்பான தாளின் மடிப்பில் மங்கலாக அச்சிட்டிருப்பதை, தமிழ்ப் பள்ளியில் சில வகுப்புகள் படித்த ஒரு பாட்டியம்மாள் எங்ஙனம் கண்டுபிடிப்பார்?

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை பற்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, போனஸுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் போராடிய சமயத்தில் அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். பின்னர் கூலி உயர்ந்ததாயினும், சம்பளம் வரும் வரையில் பற்று எழுதி வாங்கும் குடும்பங்கள் தோட்டப் பிரதேசத்தில் குறையவில்லை. கடனுக்குப் பொருள் வாங்குகிறவர், "அண்ணாச்சி, இதுக்குத் தேதி முடிஞ்சு போச்சே, வேற குடுங்க" என்று கேட்பதற்கு எவ்வளவு தயங்குவார் என்பது, கடன்பட்டு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ரொக்கம் கொடுப்பவர் சச்சரவு செய்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பற்று உள்ளவருக்கு அடுத்த கடை இல்லை. வறுமையும் பயமும் சேர்ந்த இடத்தில், தேதியைப் பார்க்கும் அறிவு இருந்தாலும் அதைக் கேட்கும் சுதந்திரம் இருப்பதில்லை.

கேரள அரசாங்கம் இந்த விஷயத்தில் உறங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் அது அநியாயமாகும். 2022 மே மாதத்தில் காசர்கோடு ஜில்லா செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்து, பலர் நோயுற்று, ஷிகெல்லா கிருமி காரணமென்று தெரிந்த பிறகு, அந்த ராஜ்யம் சமைத்த உணவுக்கும் தேதி வேண்டுமென்று முடிவு செய்தது. 2023 ஜனவரி முதல், ஹோட்டல்களிலிருந்து பார்சலாகக் கொண்டுபோகும் உணவில், சமைத்த தேதியும் நேரமும், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதும் எழுதிய சீட்டு ஒட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸும் தடைசெய்யப்பட்டது. பொட்டலத்துக்கு மாதக்கணக்கில் சொல்லும் ஆயுளை, பரோட்டாவுக்கும் கறிக்கும் மணிக்கணக்கில் சொல்லவைத்த இந்த விதி, இந்தியாவின் பிற ராஜ்யங்களும் மேற்கொள்ளத் தக்கது.

அந்த 2023 ஜனவரியிலேயே நிகழ்ந்த இன்னொரு சம்பவம் ஏலம் விளையும் இந்த மலைகளுக்கு நெருக்கமானது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி மருந்தின் எச்சம் அனுமதித்த அளவை மீறியிருந்ததென்று பரிசோதனையில் தெரியவர, கேரள உயர்நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடுத்தது. சுமார் 6.65 லட்சம் டின்கள் சந்நிதானத்துக் கிடங்கில் பூட்டப்பட்டன. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. மறுபரிசோதனையில் பாயசம் உண்ணத் தக்கதே என்று அறிக்கை வந்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் உத்தரவும் ரத்தாயிற்று. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டபடியால், தேவஸ்வம் போர்டு அந்தப் பிரசாதத்தைப் பக்தர்களுக்கு விற்காமல் அழித்துவிடவே தீர்மானித்தது. காட்டின் நடுவே, யானைகள் மோப்பம் பிடித்து வரக்கூடிய இடத்தில், அத்தனை டின் இனிப்பை எங்ஙனம் அழிப்பதென்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது. காலங்கடந்த பண்டத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை, அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வியும் உடன் எழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிறு கடைக்காரரின் சங்கடமும் இதுவேதான். கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏறும் யாத்ரீகர்களை நம்பிச் சரக்கு வாங்கிவைத்தபின், மழையோ மண்சரிவோ வந்து அவர்கள் வராமற்போனால், வாங்கிய பொட்டலங்கள் அலமாரியில் தேங்கிவிடும். ஏஜென்ட் திருப்பி எடுத்துக்கொண்டால் சரி. எடுத்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் முழுவதும் கடைக்காரருடையது. அந்த நஷ்டத்தைத் தாங்க மாட்டாதவருக்கு, பழைய பொட்டலத்தை முன்வரிசைக்குத் தள்ளிவைக்கும் ஆசை உண்டாவது மனித சுபாவம். பெரிய மூலதனம் உள்ளவர்களும் இதற்கு விலக்கல்லர்: 2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் மும்பை தாராவியில் இருந்த செப்டோ நிறுவனத்தின் கிடங்கில், காலாவதியான பண்டங்களை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கவில்லை என்பது உள்ளிட்ட குறைகளைக் கண்டு, மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதன் லைசென்ஸை நிறுத்திவைத்தது. திரும்பி வந்த பழைய சரக்கு புதிய தேதியோடு மீண்டும் சந்தைக்குப் போய்விடக்கூடாதென்ற எண்ணத்தில், 2024 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் காலாவதியான சரக்கின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சமர்ப்பிக்க வேண்டும் என்று பணித்தது. அந்தக் கணக்கோடு, சில்லறைக் கடையிலிருந்து தேதி முடிந்த சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டிய கடமையையும் உற்பத்தியாளருக்கு விதித்தாலன்றி, மலைக் கடையின் அலமாரி சுத்தமாகாது.

உலகத்தில் இத்தனை பேர் பசித்திருக்கையில் ஆகாரத்தைத் தேதிக்காக எறிவது பாவமல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கும்போது அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளிலும், 12 சதவீதம் மட்டுமே கடைகளிலும் வீணானது. பிரான்ஸ் தேசம் 2016-இல் செய்த சட்டம், பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிக்காமல் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. டென்மார்க்கில் அதே ஆண்டில் திறந்த வீஃபுட் என்ற கடை, தேதி நெருங்கியதையும், சுவைக்கான தேதி மட்டும் கடந்ததையும், வாங்குபவருக்குத் தெரிவித்துக் குறைந்த விலைக்கு விற்றது. தெரிவிப்பதும் குறைந்த விலையும் அங்கே இருந்தன. முழு விலை வாங்கிக்கொண்டு, தெரிவிக்காமல் ஏழையின் பையில் போடுவதற்கு அந்த உதாரணத்தைத் துணைக்கழைக்க எவருக்கும் பாத்தியதை இல்லை.

சூரியநெல்லி போன்ற ஊர்களில் செய்யக்கூடியவை கஷ்டமானவை அல்ல. முன்னதாகக் காலாவதியாவது முன்னதாக விற்றுப்போகும்படி அடுக்குவதும், தேதி முடிந்ததைத் தனிப் பெட்டியில் விற்பனைக்கல்ல என்று எழுதி வைப்பதும் எந்தக் கடைக்காரருக்கும் இயலும். மாதம் ஒருமுறை தமிழிலும் மலையாளத்திலும் தேதி வாசித்துக் காட்ட, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே போதும். கூலிக்காகவும் போனஸுக்காகவும் பேசும் தொழிற்சங்கங்கள், லயத்துப் பெண்களின் சார்பில் இதையும் எழுப்பலாம். தனியொருவர் பற்றுக் கடைக்காரரை எதிர்த்துக் கேட்கத் தயங்கும் கேள்வியைச் சங்கம் தயக்கமின்றிக் கேட்கும். பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வியாபாரமாகக் கருதுகிறது; ஆகவே பொட்டலத்தையும் பில்லையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம். வாங்கிய பண்டத்தைக் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கச் செய்யும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. குற்றம் நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நஷ்ட ஈடு கேட்டு வழக்கிட வேண்டுமானால், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரையில் கட்டணம் ஏதுமில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், புகார் செய்பவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம்.