குளிர் கீழிருந்து வருகிறது: மலையகக் கூடாரத்தில் எதன் மேல் படுப்பது?

மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கை வரும் ஒவ்வொரு தடவையும் மக்கள் லயன்களை விட்டு வெளியேறுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைக் கொண்டுபோனபோதும் அதே நிலைதான். பாடசாலை, கோயில் மண்டபம், கூடாரம் என எங்கே தங்கினாலும் படுப்பது தரையில்.

இப்படியான நேரங்களில் வடக்கு, கிழக்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன அனுப்ப வேண்டும்?" என்பதே. அரிசி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், பெட்ஷீட், போர்வை என்று பட்டியல் போகும். அண்மைக்காலமாக "காற்று மெத்தை அனுப்பலாமா, எது நல்லது?" என்றும் கேட்கிறார்கள். விடுமுறையில் நுவரெலியாப் பக்கம் கூடாரமடிக்க வரும் இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள். இரு தரப்பினருக்கும் சொல்ல வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: மலையகத்தில் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. மனிதாபிமானப் பணிகளுக்கான சர்வதேச நியமங்களைத் தொகுத்துத் தரும் ஸ்பியர் கையேடு, நிலத்தினூடாக உடற்சூடு இழக்கப்படுவதைத் தடுக்கும் படுக்கைவிரிப்பைக் கொடுப்பது, மேலதிகப் போர்வைகளைக் கொடுப்பதைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம் என்று சொல்கிறது. ஆனால் நாம் சேர்க்கும் நிவாரணப் பட்டியல்களில் பாய் இன்னமும் கடைசியில்தான் வருகிறது. பல தடவைகளில் வருவதேயில்லை.

வன்னித் தரையும் மலையகத் தரையும்

நான் வன்னியில் வளர்ந்தவன். என் தாய்வழி உறவினர்கள் 1977 வன்முறைக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது வேலை நிமித்தம் ஹட்டனில் வசிக்கிறேன். ஆகவே இரண்டு தரைகளையும் எனக்குத் தெரியும்.

இடப்பெயர்வுக் காலத்தில் வன்னியில் தரையில் படுத்தபோது எங்களுக்கு இருந்த பயம் பாம்பும் பூச்சியும் மழைவெள்ளமும்தான். தறப்பாளுக்குள் வெக்கை தாங்க முடியாது; வெறுந்தரையின் குளிர்ச்சி சில இரவுகளில் சுகமாகக்கூட இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மலையகத்துக்குப் பொருட்கள் சேர்த்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றரையும் தாண்டுகிறது. வன்னியில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்கு மேல் இருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. புல்லில் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மழைக்காலத்தில் அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும் மண் நாட்கணக்கில் ஊறிக் கிடக்கும். ஈர மண் காய்ந்த மண்ணைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும்.

போர்வை ஏன் போதாது

போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் நூல்களுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடலின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. அசையாத காற்று சூட்டை மிக மெதுவாகவே கடத்தும். நீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். போர்வையை மடித்துக் கீழே போட்டுப் படுத்தால், உடலின் பாரத்தில் அது நசுங்கி உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். ஈரமும் ஏறினால் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். மேலே மூன்று போர்வை போர்த்தியவர் கீழே ஒரு பெட்ஷீட்டுடன் விடியும்வரை நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கம்பளியைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தார்கள். மேலே போர்த்தக் கம்பளி கிடைத்தது. லயக் காம்பராவின் தரையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இன்றும் பல காம்பராக்களில் சீமெந்துத் தரையில் சாக்கை விரித்துத்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். கூடாரத்துக்குப் போகும் குடும்பம் இந்தக் குளிரை ஏற்கெனவே அறிந்த குடும்பம்.

காற்று மெத்தை: நசுங்காது, ஆனால் குளிரும்

கடைகளில் கிடைக்கும் சாதாரண காற்று மெத்தை தடிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். காற்று நல்ல தடுப்பு என்று மேலே சொன்னேன். அப்படியானால் உள்ளே முழுவதும் காற்று நிரம்பிய மெத்தை மிகச் சூடாக இருக்க வேண்டுமே? இல்லை. அதற்குள் இருக்கும் காற்று அசையாத காற்று அல்ல. பெரிய அறைக்குள் அது தாராளமாகச் சுழல்கிறது. நாம் புரளும் ஒவ்வொரு தடவையும் மேலே சூடான காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் கலந்து, உடற்சூடு நிலத்துக்குப் போய்ச் சேர்கிறது. இடுப்புக்கு இதமாக இருந்தாலும் முதுகு குளிரும்.

தரைக்கும் உடலுக்கும் இடையில் விரிக்கக்கூடியவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நுரைப்பாய். சுருட்டிக் கட்டக்கூடியது, தண்ணீரை உறிஞ்சாது, ஓட்டை விழுந்தாலும் பயன் குறையாது. மெல்லியது என்பதால் அவ்வளவு சொகுசு இல்லை.

இரண்டாவது, சாதாரண காற்று மெத்தை. சொகுசானது, ஆனால் குளிரானது. ஒரு முள் போதும், அது பயனற்றுப் போக.

மூன்றாவது, தானாகக் காற்றேறும் மெத்தை. உள்ளே பஞ்சுபோன்ற நுரை இருப்பதால் வால்வைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும். அந்த நுரை காற்றைச் சுழலவிடாது.

நான்காவது, உள்ளே இழைகளோ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மினுங்கும் தாள்களோ வைத்த காற்று மெத்தை. பாரம் குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம்.

ஆர் எண் என்றால் என்ன

நல்ல தயாரிப்புகளின் பெட்டியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் ஓர் எண் இருக்கும். சூடு கீழே போவதை அந்த மெத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்தது. 2018இல் ஏஎஸ்டிஎம் என்ற சர்வதேச நியம அமைப்பு இதற்குப் பொதுவான அளவீட்டு முறையை வெளியிட்ட பின்னர் ஒன்றோடொன்று ஒப்பிடுவது இலகுவாகியது.

சாதாரண காற்று மெத்தைக்கு இந்த எண் ஒன்று அளவில்தான் இருக்கும். நல்ல நுரைப்பாய்க்கு ஏறத்தாழ இரண்டு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து இரவுகளுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தால் சமாளிக்கலாம். நுவரெலியாவிலோ ஹோட்டன் சமவெளியிலோ உறைபனிக் காலத்தில் படுப்பதென்றால் நான்கைத் தேடுங்கள். எண் குறிப்பிடப்படாத மெத்தையைக் குளிருக்கு உதவாததாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இந்த எண்களை ஒன்றோடொன்று கூட்டலாம். எண் இரண்டுள்ள நுரைப்பாயின் மேல் எண் ஒன்றுள்ள காற்று மெத்தையைப் போட்டால் மூன்று கிடைக்கும். கையில் ஏற்கெனவே சாதாரண காற்று மெத்தை இருப்பவர் புதிதாக விலையுயர்ந்த ஒன்றை வாங்கத் தேவையில்லை. கூடுதலாக ஒரு நுரைப்பாயை வாங்கினால் போதும்.

வாங்கும்போது, பயன்படுத்தும்போது

கூடாரத்தின் உட்தரையை முதலில் அளந்து பாருங்கள். இருவர் படுக்கும் பெரிய மெத்தை ஒன்று கூடாரத்தை அடைத்து, சுவரில் முட்டி, துணியில் வழியும் ஈரத்தை உள்வாங்கிக்கொள்ளும். தனித்தனி மெத்தைகள் நல்லது. ஒருவர் புரண்டால் மற்றவர் எழும்ப வேண்டியதுமில்லை.

மெத்தையை ஊதியபின் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துப் பாருங்கள். இடுப்பு எலும்பு தரையில் தட்டக்கூடாது. தட்டாத அளவுக்குக் காற்று இருந்தால் போதும். கல்லாக ஊதினால் முதுகு நோகும், தையலும் விடும். பின்னேரம் ஊதிய மெத்தை நள்ளிரவில் தளர்ந்துவிட்டால் ஓட்டை என்று உடனே நினைக்க வேண்டாம். 20 பாகையில் ஊதிய காற்று 5 பாகைக்குக் குளிரும்போது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு சுருங்கும். படுக்கப்போகும் முன் ஒரு தடவை மீண்டும் ஊதிக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கொண்டுவரும்போது காற்றை முழுமையாக வெளியேற்றிவிடுங்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே இறுக்கமாக ஊதியது மேலே வந்ததும் விம்மும்.

மின்சாரத்தில் இயங்கும் பம்பியுடன் வரும் மெத்தை முகாமுக்கு உதவாது. காலால் மிதிக்கும் பம்பியே பொருத்தம். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒட்டுத்துண்டும் பசையும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க சவர்க்காரத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும். அந்த இடத்தை நன்றாகக் காயவைத்த பின்னரே ஒட்ட வேண்டும்.

கைக்குழந்தைக்குக் காற்று மெத்தை வேண்டாம்

நல்ல மனதுடன் காற்று மெத்தை அனுப்புபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 15 மாதங்களுக்குட்பட்ட குழந்தையைக் காற்று மெத்தையில் ஒருபோதும் படுக்கவைக்கக்கூடாது. மென்மையான பரப்பில் முகம் புதைந்தாலோ, மெத்தைக்கும் கூடாரச் சுவருக்கும் இடையில் சறுக்கி விழுந்தாலோ குழந்தைக்கு மூச்சுத்திணறும். தானாகத் திரும்ப அதற்குப் பலம் இருக்காது. பெரியவர் பக்கத்தில் படுத்தால் மெத்தை அவர் பக்கமாகச் சாயும் என்பதால் ஆபத்து இன்னும் கூடும். குழந்தைக்குத் தேவையானது சமதரையில் விரித்த உறுதியான நுரைப்பாயும் அளவான உடுப்பும்தான்.

வயது போனவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தளதளக்கும் மெத்தையிலிருந்து எழும்புவது சிரமம். அவர்களுக்கு மரப்பலகை மேடையின் மேல் நுரைமெத்தை போட்டுக் கொடுத்தால் குளிரும் குறையும், கையூன்றி எழும்பவும் முடியும்.

காற்று மெத்தை தீயில் உடனே உருகும், எரியும். மெழுகுதிரியும் குப்பி விளக்கும் கிட்ட இருக்கக்கூடாது. குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைப்பது அதைவிட ஆபத்தானது. கரி எரியும்போது வரும் காபன்மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

கையில் எதுவுமில்லாத முதல் இரவில்

வாங்கப் பணமில்லாதபோதும் லொறி வந்து சேராதபோதும் கிடைக்கும் பொருட்களை வைத்துச் செய்யக்கூடியவை உண்டு. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். மிகக் கீழே பொலித்தீன் விரியுங்கள். ஈரம் ஏறாமல் அது தடுக்கும். அதன் மேல் காட்போட் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புங்கள். காட்போட்டின் நெளிவுகளுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. காய்ந்த மானாப்புல் கிடைத்தால் கழுவிக் காயவைத்த சாக்குகளில் அடைத்துப் பரப்பலாம். உரம் இருந்த சாக்கை அப்படியே பயன்படுத்த வேண்டாம். மிச்சமிருக்கும் உரம் தோலை எரிக்கும். அதன் மேல் பாய், அதற்கு மேல் பெட்ஷீட்.

பொலித்தீனை உடலுக்குக் கிட்ட விரிக்கக்கூடாது. வியர்வை வெளியேறாமல் விரிப்பு நனைந்து, விடியுமுன் குளிரத் தொடங்கும். பகலில் வெயில் காணும்போதெல்லாம் எல்லா அடுக்குகளையும் எடுத்துக் காயவையுங்கள். ஈரமான காட்போட்டை மாற்றிவிடுங்கள்.

அனுப்புபவர்களுக்கு

நூறு குடும்பங்களுக்கு உதவ நினைக்கும் ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதலில் ஆளுக்கொரு நுரைப்பாய், 180 சென்ரிமீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் இருந்தால் பெரியவருக்குப் போதும். அடுத்து குடும்பத்துக்கொரு தரைப் பொலித்தீன். அதன் பின்னர் போர்வை. காற்று மெத்தைக்கென்று பணம் மிஞ்சினால், முதுகுநோவும் மூட்டுநோவும் உள்ளவர்களுக்கு மட்டும், கால் பம்பியுடனும் ஒட்டுத்துண்டுடனும் கொடுங்கள். அதன் கீழும் நுரைப்பாய் இருக்க வேண்டும். பொதியில் கைக்குழந்தை பற்றிய எச்சரிக்கையைத் தமிழில் எழுதி வையுங்கள்.

முகாமுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம் வேண்டும் என்கிறது ஸ்பியர் கையேடு. அதைவிட நெருக்கினால் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓரத்தில் படுப்பவர் ஈரச்சுவரோடு ஒட்ட வேண்டிவரும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும் தேவைப் பட்டியல் கொடுக்கும்போது "போர்வை" என்ற சொல்லுக்கு மேலே "படுக்கைப்பாய்" என்று எழுதுங்கள். எழுதாதது பெரும்பாலும் வந்து சேராது.

மீரியபெத்தை மக்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன. தற்காலிகம் என்று சொல்லி விரிக்கும் பாய் மலையகத்தில் பல மாதங்களுக்கு விரிந்தே கிடக்கும். பாதுகாப்பான காணியையும் வீட்டையும் கேட்டுக் குரல்கொடுக்கும் அதே நேரத்தில், இன்றிரவு தரையில் படுக்கப்போகும் பிள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.