வட்டுக்களைக் காணவில்லை என்று சர்வர் சொன்னால்

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் பிற்பகுதி. மும்பை மாதுங்காவில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்திவரும் நண்பர் ஒருவர், ஓர் இரவு பெருங்கலக்கத்தில் ஆழ்ந்திருந்தார். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அம்மாதம் 31-ஆம் தேதியே கடைசி நாள். வாடிக்கைக்காரர்களின் பேரேடுகள் யாவும் அலுவலகத்துச் சர்வரில் இருந்தன. அன்று மாலைதான் அதில் இயக்க முறைமையின் புதிய பதிப்பை நிறுவியிருந்தார்கள். இயக்க முறைமைக்கென்று தனியே இருந்த சிறிய வட்டிலிருந்து சர்வர் ஒழுங்காகவே இயங்கத் தொடங்கியது. ஆனால், பேரேடுகள் அடங்கிய நான்கு பெரிய வட்டுக்களில் ஒன்றையேனும் அது காட்டவில்லை.

பழுது பார்க்க வந்தவர் சிறிது நேரம் ஆராய்ந்துவிட்டு, "வட்டுக்களின் அமைப்புக் கெட்டுப்போயிற்று, அதை அழித்துப் புதிதாக அமைத்துவிட்டு, நகலிலிருந்து பேரேடுகளை ஏற்றிக்கொள்ளலாம்" என்று யோசனை சொன்னார். நகலோ மார்ச் மாதத்தில் எடுத்தது. நான்கு மாத உழைப்பு பறிபோகும் நிலை. நண்பர், புனேயில் கணினித் துறையில் வேலை பார்க்கும் தம் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா, நான் சொல்கிற வரையில் எதையும் அழிக்க விடாதீர்கள்" என்பதே மகன் கூறிய முதல் வார்த்தை.

அந்த வார்த்தையின் அருமையை உணர வேண்டுமானால், வட்டுக்கும் இயக்க முறைமைக்கும் இடையே உள்ள தொடர்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கணினியில் வட்டு பெரும்பாலும் தாய்ப்பலகையுடன் நேரே இணைக்கப்பட்டிருக்கும். சர்வரில் அப்படியன்று. பல வட்டுக்களை ஒன்றுசேர்த்து, ஒன்று கெட்டாலும் மற்றவை தகவலைக் காக்கும்படி நிர்வகிக்கும் தனி அட்டை ஒன்று பெரும்பாலும் நடுவே இருக்கும். அதனை ரெய்டு கண்ட்ரோலர் என்பர். இயக்க முறைமை வட்டுக்களுடன் பேசுவதில்லை. இந்த அட்டையுடன்தான் பேசுகிறது. அட்டையின் மொழியோ தனி மொழி. அம்மொழியை எடுத்துச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். டிரைவர் என்னும் சிறு மென்பொருளே அந்தத் துபாஷி. மொழி தெரியாத ஊரில் புதிதாக வந்திறங்கியவர் படும் பாடு நம்மவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. எதிரே நிற்பவர் உயிருடன்தான் இருக்கிறார்; சொல்வதுதான் விளங்கவில்லை. துபாஷி இல்லாத இயக்க முறைமையின் நிலையும் அதுவே. ஆகவே, காணவில்லை என்ற செய்தியைக் கண்டவுடன் வட்டு அழிந்தது என்று முடிவு கட்டலாகாது.

இத்தகைய வேளையில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: இயக்க முறைமை தொடங்கும் முன்பே, சர்வர் அந்த அட்டையை அறிகிறதா? மின்விசையைப் போட்டவுடன் வரும் பயாஸ் அமைப்புத் திரையிலோ, அட்டைக்கே உரிய பட்டியலிலோ இதைக் காணலாம். அங்கும் அட்டையின் பெயர் இல்லையாயின், குறை கருவியில் இருக்கலாம். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, அட்டையைக் கழற்றி, தூசி நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பிராஸஸர்களுக்கு இடமுள்ள சர்வரில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் பி.சி.ஐ. துளைகளுள் சில இரண்டாவது பிராஸஸரையே நம்பியிருக்கும். அந்த இடம் காலியாக இருந்தால், அத்துளையில் செருகிய நல்ல அட்டையும் உயிரற்றதாகவே தோன்றும். வேறு துளைக்கு மாற்றினால் வேலை செய்யும்.

இரண்டாவது கேள்வி: இயக்க முறைமைக்கு அட்டையின் இருப்பாவது தெரிகிறதா? ஒவ்வொரு பி.சி.ஐ. அட்டையும் தன்னைச் செய்தவர் யார், தான் எந்த வகை என்பதை நான்கு இலக்க எண்களால் அறிவிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086, எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எண் 1000. லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையும், விண்டோஸில் டிவைஸ் மானேஜரும் இவற்றைக் காட்டும்.

மூன்றாவது கேள்வி: அந்த எண்ணுக்கு உரிய டிரைவர் வேலையில் இருக்கிறதா? எண் தெரிந்தும் டிரைவரின் பெயர் இல்லையென்றால், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

பழைய அட்டைகளுக்கு இந்த நோய் வருவது அபூர்வமன்று. புதிய பதிப்புக்களை வெளியிடுவோர் பழைய கருவிகளுக்கான ஆதரவை அவ்வப்போது நீக்கிவிடுகிறார்கள். 2019-இல் வந்த ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய மெகாரெய்டு வகை அட்டைகள் சிலவற்றைக் கைவிட்டது. 2020-இல் வெளியான வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 7.0, பழைய முறையில் எழுதிய டிரைவர்களை ஏற்பதை நிறுத்தியது. பரிகாரமும் இல்லாமலில்லை. எல்ரெப்போ என்னும் சமூக முயற்சி, கைவிடப்பட்ட டிரைவர்கள் பலவற்றைத் தொகுத்து வழங்குகிறது. 2024-இல் வந்த அல்மாலினக்ஸ் 9.4, நீக்கப்பட்ட அட்டைகள் பலவற்றுக்கு மீண்டும் ஆதரவளித்தது. வெளியிலிருந்து பெறும் டிரைவரை செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு ஏற்க மறுக்கக்கூடும். அப்பொழுது அதை வெளியிட்டவரின் சாவியைக் கணினியில் பதிவு செய்தல் அவசியம்.

மாதுங்கா நண்பர் தம் மகன் சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அட்டையின் பட்டியலில் நான்கு வட்டுக்களும் குறைவின்றி இருந்தன. கட்டளைத் திரையில் அட்டையின் எண்ணும் தெரிந்தது. டிரைவரின் பெயர்தான் இல்லை. புதிய பதிப்பு அந்தப் பழைய அட்டையை விட்டுவிட்டிருந்தது. உரிய டிரைவரை நிறுவி, சர்வரை மறுபடி தொடங்கினார்கள். நள்ளிரவு கடந்தபோது பேரேடுகள் அனைத்தும் அப்படியே திரையில் வந்தன. அழித்துவிடலாம் என்ற யோசனையை ஏற்றிருந்தால், கெடாத வட்டுக்களைத் தாமே கெடுத்தவராயிருப்பார்.

இதனோடு ஒட்டிய இன்னோர் அபாயத்தையும் சொல்ல வேண்டும். அட்டையே பழுதாகி, வட்டுக்களை வேறோர் அட்டைக்கு மாற்ற நேர்ந்தால், புதிய அட்டை அவற்றை ஃபாரின் என்று, அதாவது அயலார் என்று, குறிப்பிடுவதுண்டு. அங்கே இம்போர்ட், கிளியர் என இரண்டு வழிகள் தோன்றும். முன்னது வட்டுக்களின் பழைய அமைப்பை ஏற்றுக்கொள்வது. பின்னது அவ்வமைப்பைத் துடைத்துவிடுவது. அவசரத்தில் பின்னதைத் தேர்ந்து அல்லற்பட்டோர் உண்டு.

சர்வர் வைத்திருப்போர்க்கு மட்டும் உரிய செய்தி இது என்று எண்ண வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான மடிக்கணினிகள் பலவற்றில் வி.எம்.டி. என்னும் ஏற்பாடு உள்ளது. அவற்றில் விண்டோஸை மறுபடி நிறுவும்போது வட்டு ஏதும் இல்லை என்று திரை சொல்வது சகஜம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை ஒரு பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் என்னும் இடத்தில் அதைக் காட்டினால் வட்டு வெளிப்படும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் வி.எம்.டி.யை யோசனையின்றி மாற்றினால், அது தொடங்காமலே நின்றுவிடக்கூடும்.

முன்னெச்சரிக்கையாகச் செய்யத்தக்கவை இரண்டே. இயக்க முறைமையை மாற்றும் முன், கண்ட்ரோலர் அட்டையின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, புதிய பதிப்பு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அன்றைய நாள்வரையுள்ள நகலையும் எடுத்து, அது திறக்கிறதா என்று சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதுங்கா நண்பர் இப்பொழுது வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுக்கிறார். வெளியூர்களில் பிழைப்பு நடத்தும் நம் குடும்பங்களில், கடைக் கணக்கோ குழந்தைகளின் புகைப்படங்களோ கணினியில் இல்லாத வீடு அரிது. அவற்றை வைத்திருக்கும் அன்பர்கள் யாவரும் இவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாக.